கொம்புப் பெயின்ட்

வசந்தா வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. குடத்தில் ‘வ’, குண்டானில் ‘வ’, கல்யாணத்துக்கு வந்த தாம்பாளத்தில் இரண்டு இடத்தில் ‘வ’. பேர் வெட்ட முடியாத பிளாஸ்டிக் வாளிக்கு அடியில் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. யாராவது இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டாள், கொடுத்துவிடுவாள். ஆனால் கொடுத்த பொருள் திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. ஊரில் எல்லாரும் திருடர்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. யார் என்று தெரியாத வரைக்கும் எல்லார் மேலும் ஒரு கண் வைத்திருப்பதில் என்ன நஷ்டம் என்றுதான் கேட்பாள்.

இப்படிப்பட்டவள் போய் இன்னொருத்தியோடு கூட்டுச் சேர்ந்து படகு செய்தாள் என்றால், அதற்கு ஏரிதான் காரணம்.

கார்வேட்டிநகரத்துக்குப் பஸ் போகும் சாலையை ஒட்டி ஏரிக்கரை. கரைக்கு இந்தப் பக்கம் காலனி. ஏரிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், காலனிப் பெண்கள் பேரில் சர்க்கார் கொடுத்த பட்டா நிலம். வசந்தாவின் மாமனார் காலம் வரைக்கும் அடுத்தவர் வரப்பில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. இன்றைக்கு வசந்தாவுக்கு எழுபது சென்ட், பக்கத்திலேயே சுந்தரம்மாவுக்கு எழுபது சென்ட், இரண்டிலும் மல்லி. மற்ற வருஷங்களில் தை பிறந்தால் ஏரித் தண்ணீர் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், குறுக்கே நடந்தே போய்விடலாம். இந்த வருஷம் மார்கழிப் புயலில் ஏரி நிரம்பி வழிந்து, நடைபாதை ஓர் ஆள் ஆழத்துக்குள் போய்விட்டது. சுற்றிப் போனால் பத்து கிலோமீட்டர். மல்லி மொக்கை விடியற்காலையில் பறித்து எட்டு மணிக்குள் கரைக்குக் கொண்டுவந்தால்தான் சிரஞ்சீவியின் ஆட்டோ திருப்பதி மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும். மலர்ந்த பூவை அங்கே எவனும் கையால் தொடமாட்டான். வேண்டாம் என்று செடியைக் கவனிக்காமல் விட்டாலோ அதைவிட ஆபத்து. பட்டா நிலம் சும்மா கிடக்கிறது என்று யார் எப்போது தன் பேருக்கு எழுதிக்கொண்டு போவார்கள் என்று சொல்ல முடியாது.

படகு யோசனை வசந்தாவின் புருஷன் ரமணாவுடையது. அவனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மிஷின்களோடு வரும் கெட்டித் தெர்மாகோல் பலகைகள் அங்கே குவிந்து கிடக்கும், சும்மா கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். எவனோ ஒருவன் தெர்மாகோலில் படகு செய்து, அதில் நாயோடு உட்கார்ந்து போவதை ரமணா போனில் பார்த்திருந்தான்.

“மரத்துல செய்யறதுன்னா நம்மளால ஆவாது,” என்றான். “இதைப் பசை போட்டு ஒட்டி, மேல துணி சுத்தி, செவுத்துக்கு அடிக்கிற பெயின்ட்டை அடிச்சா போதும். ரெண்டு பொம்பளைங்க தலையில தூக்கிக்கினு போவலாம், அவ்ளோதான் கனம்.”

“ரெண்டு பேர் எதுக்கு?”

“ஒரு ஆள் தனியா போனா காத்துக்குச் சுத்திக்கினே இருக்கும். ரெண்டு பக்கமும் துடுப்பு வேணும். சுந்தரம்மாவைச் சேத்துக்கோ.”

சுந்தரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகள் ஸ்ரீதேவியைத் திருப்பதியில் கட்டிக்கொடுத்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். வசந்தாவுக்கு முதல் சந்தேகமே அங்கேதான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிறவள் மனசில் என்ன இருக்கிறது என்று எப்படியோ தெரிந்துவிடும். பேசாதவளை என்னவென்று எடுத்துக்கொள்வது?

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. வசந்தா வீட்டு வாசலில் இடம் போதவில்லை என்று சுந்தரம்மாவின் மாட்டுக் கொட்டாயில் வைத்துச் செய்தார்கள். மாட்டை விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது, கொட்டாய் காலியாகக் கிடந்தது. ரமணா பலகைகளைக் கத்தியால் அறுத்தான். தச்சர்கள் வாங்கும் தண்ணீர் தாங்கும் பசையைப் பூசி ஒன்றோடொன்று ஒட்டி, பசை காயும்வரை விலகாமல் இருக்க விளக்குமாற்றுக் குச்சிகளை ஆணி மாதிரி குத்தினார்கள். அடிப்பக்கம் தட்டை, பத்து அடி நீளம், முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக. முறத்துக்கு மூக்கு வைத்த மாதிரி இருந்தது.

துணி சுந்தரம்மாவின் பங்கு. நகரியில் அவள் தங்கை தறிப் பட்டறையில் வேலை செய்தாள். நெசவில் தப்பு விழுந்து ஒதுக்கிய பருத்தித் துண்டுகளை ஒரு மூட்டை அனுப்பியிருந்தாள். சுருக்கம் விழாமல் பசையில் தோய்த்து ஒட்டுவதில் சுந்தரம்மாவின் கை நன்றாகவே பேசியது. வசந்தா பக்கத்தில் நின்று, மூட்டையில் வந்தது எத்தனை துண்டு, படகில் ஏறியது எத்தனை துண்டு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு துண்டு குறைந்தது. மறுநாள் அவை பசை துடைத்த கந்தலாகக் கொட்டாய் மூலையில் கிடந்தன. அதைப் பார்த்த பிறகும் வசந்தாவுக்கு மனசு ஆறவில்லை. கந்தலாக்கியதே வேண்டுமென்றுதானோ?

“இந்த வாளியில இருக்கிற பெயின்ட்டைத் தவிர வேற எதுவும் இது மேல படக்கூடாது,” என்று ரமணா இரண்டு பேரிடமும் சொன்னான். சுந்தரம்மா தலையாட்டினாள். வசந்தா கேட்கவே இல்லை. அவள் கண் கொட்டாய்க் கதவில் தொங்கிய புதுப் பூட்டின் மேல் இருந்தது.

பூட்டு சுந்தரம்மாவுடையது. சாவி சுந்தரம்மாவின் இடுப்பில். இடம் அவளுடையது, துணி அவளுடையது. நாளைக்குப் படகு என்னுடையது என்று அவள் சொன்னால் யார் கேட்பது? இது போதாது என்று, ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் சீனுவோடு சுந்தரம்மா கரையில் நின்று பேசிக்கொண்டிருந்ததை வசந்தா இரண்டு தடவை பார்த்தாள். வலை வீச சீனுவுக்குப் படகு தேவை என்பது ஊருக்கே தெரியும். வசந்தா கிட்டே போனதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது ஞாயிறு, அடிப்பக்கத்துக் கடைசித் துணியை ஒட்டி முடித்ததும் சுந்தரம்மா காபி போட உள்ளே போனாள். ரமணா குளிக்கப் போயிருந்தான். வசந்தா முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த டப்பாவை எடுத்தாள். மாட்டுப் பொங்கலுக்குத் தன் பசுவின் கொம்புக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயின்ட். இறுகிப் போயிருந்ததால், எல்லாரும் செய்வதுபோல ரமணாவின் பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து ஊற்றி இளக்கி வைத்திருந்தாள். பின்பக்கத்தில் ஈரத் துணியை ஒரு முழத்துக்குத் தூக்கி, உள்ளே கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் கைப்பழக்கத்தில் தெர்மாகோல் மேல் பெரிதாக ஒரு ‘வ’ எழுதினாள். அழியக்கூடாது என்று இன்னும் இரண்டு முறை விரலைத் தோய்த்து அதன் மேலேயே இழுத்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. துணியைப் பழையபடி அழுத்தித் தடவிவிட்டு எழுந்துகொண்டாள். சுந்தரம்மா டம்ளரை நீட்டினாள், வாங்கிக் குடித்தாள்.

நாளைக்குப் பஞ்சாயத்து வந்தால் துணியைக் கிழித்துக் காட்டலாம். அந்த நினைப்பில் வசந்தா பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

மாசியில் படகு தண்ணீரில் இறங்கியது. என்ன சொன்னாலும் அழகாகத்தான் மிதந்தது. கால் மணி நேரத்தில் அக்கரை; பறித்துக்கொண்டு ஏழரைக்கெல்லாம் இக்கரை. சிரஞ்சீவி தன் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து படகை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “பாகுந்தி அக்கா, நல்லா இருக்குது. எங்க வீட்டு மெத்தை இதைவிடக் கனம்,” என்றான். முதல் நாள் சுந்தரம்மா படகின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

“எனக்கு நீச்சல் தெரியாது மே,” என்றாள்.

நீச்சல் தெரியாதவள் எதற்குப் படகுக்கு ஒத்துக்கொண்டாள் என்று வசந்தா அன்று முழுக்க யோசித்தாள். சீனுவுக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. பதின்மூன்றாம் நாள், புதன்கிழமை, பூ மூட்டைகளோடு திரும்பும்போது நடு ஏரியில் வசந்தாவின் காலடியில் ஜில்லென்றது. பின்பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தெர்மாகோல் என்பதால் மூழ்கவில்லை. ஆனால் முழங்கால் வரைக்கும் தண்ணீர், பூ மூட்டை இரண்டும் ஊறிப்போயின. சுந்தரம்மா வாய்க்குள் ஏதோ சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டே துடுப்பை விடாமல் போட்டாள். எப்படியோ கரை சேர்ந்தார்கள். கவிழ்த்துப் பார்த்தால், பின்பக்கம் துணி தொளதொளத்து ஓரிடத்தில் நேராகக் கிழிந்திருந்தது. தினமும் கல்லின் மேல் இழுத்து ஏற்றிய இடம்தான் அது. வசந்தாவின் கண்ணுக்குப் பிளேடால் அறுத்ததுபோலத் தெரிந்தது.

ஆட்டோ அருகில் சிரஞ்சீவியும் பூக்காரப் பெண்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வசந்தா யாரையும் பார்க்கவில்லை.

“ராத்திரியெல்லாம் படகு உன் கொட்டாயிலதானே இருக்குது? பூட்டு உன்னுது, சாவி உன்னுது.”

“இன்னா சொல்ற நீ?” என்றாள் சுந்தரம்மா.

“சீனுகிட்ட இன்னா பேசிக்கினு இருந்த? ஓட்டையைப் போட்டா நான் வாணாம்னு வுட்டுட்டுப் போயிடுவேன், பொறவு ஒட்டி அவனுக்குக் குடுத்துடலாம்னு பாத்தியா? நடுத் தண்ணியில என்னைச் சாவடிக்கப் பாத்தியே, நீ நல்லா இருப்பியா?”

“வதிலேய் அக்கா, வுட்டுடு,” என்று சிரஞ்சீவி நடுவில் வந்தான். “பூ நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது.”

நனைந்த புடவையோடு சுந்தரம்மா நின்றாள். அவளும் அதே படகில்தான் வந்தாள் என்பதுகூட வசந்தாவுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. சுந்தரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள், சொல்லவில்லை. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துப் படகின் மேல் வைத்துவிட்டு நடந்து போனாள்.

மறுநாளிலிருந்து சுந்தரம்மா விடிவதற்கு வெகு முன்பே கிளம்பிச் சாலை வழியாகச் சுற்றிப் போனாள். ஒன்பது மணிக்குப் பாதி மலர்ந்த பூவோடு திரும்புவாள். ஆட்டோ போயிருக்கும். தெருவில் கூவி விற்றது போக மீதி மாலைக்குள் வாடிவிடும். குட்டு வெளிப்பட்டதால்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறாள், நடக்கட்டும் என்று வசந்தா தன் வாசலில் நின்று பார்த்தாள். வசந்தாவின் செடிகளிலும் மொக்கெல்லாம் பறிக்க ஆளில்லாமல் மலர்ந்து உதிர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை ரமணா படகைக் கவிழ்த்துப் போட்டு, கிழிந்த துணியைக் கத்தியால் கீறி விலக்கினான்.

தெர்மாகோலில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு ‘வ’ இருந்தது. எழுதியது மாதிரி இல்லை, தோண்டியது மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் உருகி வழவழவென்று, மூன்று விரல் ஆழத்தில், அடியில் சிவப்பு பிசுபிசுத்தது. எழுத்தின் வளைவில் பலகையே இல்லை. உள்பக்கத்துத் துணியும் நைந்து, அந்தப் பக்கத்துத் தரை தெரிந்தது.

“பெட்ரோல் கலந்தியா?” என்றான் ரமணா.

வசந்தா தலையாட்டினாள்.

“தெர்மாகோல் பெட்ரோலைக் கண்டா கரைஞ்சிடும். அதுக்குத்தானே வேற எதுவும் படக்கூடாதுன்னு அவ்ளோ சொன்னேன்?” திட்டப் போனவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வசந்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் எதிரில், நனைந்துபோய் நின்ற ஒருத்தியை, சாவடிக்கப் பார்த்தாயே என்று கேட்ட வாய் இது. அவமானத்தில் ஒரு நிமிஷம் கெட்ட புத்தியும் வந்தது. ரமணா வாயைத் திறக்கமாட்டான். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு வேறு துண்டு வைத்து ஒட்டினால் ஊருக்குத் தெரியவா போகிறது? அப்படி நினைத்ததற்காகவும் சேர்த்து வெட்கப்பட்டாள். முகம்கூடக் கழுவாமல் சுந்தரம்மா வீட்டுக்குப் போனாள்.

சுந்தரம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவர் ஓரமாகக் காற்றடைத்த இரண்டு டயர் ட்யூப்கள் சாய்த்து வைத்திருந்தன.

“அந்த ஓட்டை நீ போட்டது இல்லக்கா,” என்றாள் வசந்தா. “துணிக்கு அடியில நான் கொம்புப் பெயின்ட்ல என் பேரை எழுதனேன். அது துன்னுடுச்சு.”

“எழுதனது தெரியும்.”

சுந்தரம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னிக்கு நீ காபி டம்ளரை வாங்கறப்போ வெரல்ல சேப்பு ஒட்டிக்கினு இருந்தது. பெட்ரோல் நாத்தம் வேற. நீ போனப்பறம் தடவிப் பாத்தேன், துணியில லேசா சேப்பு ஊறியிருந்தது. அது தெர்மாகோலைத் துன்னும்னு எனக்கு இன்னா தெரியும்? பேர்தானே, எழுதிக்கட்டும், பேர் எழுதனா படகு கனமாயிடுமான்னு வுட்டுட்டேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமேக்கா.”

“கேட்டா இல்லன்னு சொல்லுவ. பொறவு பொய் சொல்றவளோட தண்ணியில போவணும். சந்தேகப்படறவளோட போறது பரவால்ல, அவ கண்ணையாச்சும் தொறந்து வெச்சிக்கினு இருப்பா.”

வசந்தா ட்யூப்களைப் பார்த்தாள். சுந்தரம்மாவும் பார்த்தாள்.

“சீனுகிட்ட இதைத்தான் கேட்டுக்கினு இருந்தேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, படகு கவுந்தா புடிச்சிக்க. நீச்சல் தெரியாதவ ஏரியில போறாளாம்னு சிரிப்பாங்களேன்னுதான் மறைச்சுப் பேசனேன். நேத்துதான் குடுத்தான்.”

“தப்பு என்னுதுதான். நாளைக்கு ஆட்டோ எதிர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். செவ்வாக்கெழமை படகு காஞ்சிடும்னு அவரு சொல்றாரு. வாக்கா.”

“சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.” சுந்தரம்மா கீரைத் தண்டை முறித்துப் போட்டாள். “நான் வரல. நடந்தே போய்க்கினு வர்றேன்.”

திங்கட்கிழமை காலையில் வசந்தா, ரமணா அறுத்தெடுத்த தெர்மாகோல் துண்டைக் கையோடு கொண்டுபோய்ச் சிரஞ்சீவியிடமும் அந்தப் பெண்களிடமும் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் எழுத்தைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், தங்கள் மூட்டையை எடுத்து ஆட்டோவில் வைத்தார்கள். சுந்தரம்மா அப்போது அக்கரைச் சாலையில் எங்கோ நடந்து வந்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வசந்தா தனியாகப் படகை இறக்கினாள். ரமணா சொன்னது நிஜம். ஒரு துடுப்பு போட்டால் படகு ஒரு பக்கம் திரும்பியது, மறுபக்கம் போட்டால் அந்தப் பக்கம் திரும்பியது. கால் மணி நேரத் தூரத்துக்கு முக்கால் மணி ஆயிற்று. இப்போது படகு முழுக்க அவளுடையது. பங்கு கேட்க ஆளில்லை, பூட்டும் சாவியும் அவளிடம். இது தனக்கு எப்போது வேண்டியிருந்தது என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அக்கரையில் சுந்தரம்மா தன் நிலத்தில் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். இரண்டு பேரும் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பறித்தார்கள். பொழுது ஏறிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு சுந்தரம்மா சாலைப் பக்கம் திரும்பினாள்.

“ஏறுக்கா,” என்றாள் வசந்தா. “உன் காலைப் புடிச்சிக்கறேன், ஏறுக்கா.”

சுந்தரம்மா சூரியனைப் பார்த்தாள். நடந்தால் இன்றைக்கும் ஆட்டோ போய்விடும். பிறகு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்து, தலையிலிருந்த மூட்டையைப் படகில் வைத்தாள்.

“பூவை எடுத்துக்கினு போ. எடை போட்டுக் குடுத்துடு. நான் நடந்து வர்றேன்.”

மூட்டையின் வாய் கட்டாமல் திறந்து கிடந்தது. மேலாக இருந்த மொக்குகள் ஆடின.

“எவ்ளோ இருக்குதுன்னு ஒரு தரம் பாத்துக்கோக்கா,” என்றாள் வசந்தா. “வாயையாச்சும் கட்டிடு.”

“நேரமாவுது. போ.”

வசந்தா துடுப்பைப் போட்டாள். மூட்டையின் கனத்தில் படகு முன்னைப்போல அவ்வளவு சுற்றவில்லை. சுந்தரம்மா இடத்தில் வசந்தா இருந்திருந்தால் கைப்பிடிப் பூவைக்கூடக் கொடுத்திருக்கமாட்டாள். கொடுத்தாலும் இரண்டு முடிச்சுப் போட்டு, கரையிலேயே நின்று, படகு அந்தப் பக்கம் சேரும்வரை கண் கொட்டாமல் பார்த்திருப்பாள். நடு ஏரியில் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மலையடிவாரச் சாலையில் சுந்தரம்மா வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தாள். இப்போது பார்ப்பாள், இப்போது பார்ப்பாள் என்று வசந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை வளைந்து புளியமரங்களுக்குள் மறையும்வரை சுந்தரம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.